காலுக்கேற்ற மிதிவண்டி

பள்ளிக் காலணி வாங்கும்போது பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்கிறோம். அணிவித்து, நடக்கச் சொல்லிப் பார்த்த பின்பே பணம் கொடுக்கிறோம். ஆனால் மிதிவண்டி வாங்கும்போது மட்டும் பிள்ளையை வீட்டிலே விட்டுவிட்டு நாம் போகிறோம். “வளருகின்ற பிள்ளைதானே! சற்றுப் பெரிதாக இருந்தால் நெடுநாள் உழைக்கும்” என்று நமக்கு நாமே சமாதானமும் கூறிக்கொள்கிறோம். இவ்வழக்கம் தவறானது என்பதே நமது கருத்து.

பெற்றோரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் ஈட்டிய பணத்தில் மிதிவண்டி வாங்குவது எளிய செயலன்று. நம்மில் பலர் சிறுவயதில் தந்தையின் 28 அங்குல வண்டியில், இருக்கை எட்டாமல், குறுக்குச் சட்டத்தின் கீழே காலை நுழைத்து மிதித்துப் பழகியவர்களே. “நாங்கள் அப்படித்தான் கற்றோம்; கெட்டா போனோம்?” என்று கேட்பாரும் உளர். முழங்காலில் உள்ள தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு அவர்கள் அக்கேள்வியைக் கேட்கட்டும். அன்று வீட்டில் வேறு வண்டி இல்லை; ஆதலால் அப்படிக் கற்றோம். இன்று பிள்ளைகளின் அளவிற்கே வண்டிகள் கிடைக்கின்றன.

பெரிய வண்டியால் வரும் கேடு யாது? பிள்ளை தடுமாறும்போது முதல் துணையாவது தரையில் ஊன்றும் காலே. கால் எட்டாவிடில் வண்டியோடு சாய்வதைத் தவிர வேறு வழியில்லை. கைப்பிடி தொலைவில் இருந்தால் வளைவில் திருப்புவது கடினம். சிறு விரல்கள் பிரேக்கை எட்டாவிடில் இறக்கத்தில் வண்டி நிற்காது. தோட்டத்துச் செம்மண் சாலையில் குலை ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டுமன்றோ? நிற்க இயலாத பிள்ளைக்கு ஓட்டத் தெரிந்து என்ன பயன்?

சிக்கனமாவது மிஞ்சுகிறதா என்றால் அதுவும் இல்லை. தீபாவளிக்கு ஆசையோடு வாங்கிய வண்டி, பிள்ளை ஒருமுறை விழுந்து அஞ்சியபின், வீட்டுச் சுவரில் சாய்ந்தபடியே துருப்பிடிப்பதை நாம் கண்டதில்லையா?

இனி, அளவு பார்க்கும் முறையைக் காண்போம். சிறுவர் வண்டிகளின் அளவு சக்கரத்தின் குறுக்களவால் குறிக்கப்படுகிறது. பொதுவாக மூன்று, நான்கு வயதினருக்கு 12 அங்குலமும், ஐந்து, ஆறு வயதினருக்கு 16 அங்குலமும், ஏழு முதல் ஒன்பது வயதினருக்கு 20 அங்குலமும், அதற்கு மேற்பட்டோருக்கு 24 அங்குலமும் பொருந்தும். எனினும் வயது ஒரு குறிப்பே. முதலாம் ஆண்டு மாணவர்கள் வரிசையில் நிற்பதைப் பாருங்கள். வயது ஒன்று, உயரமோ பல! ஆகவே காலைத்தான் அளக்க வேண்டும்.

பிள்ளையைக் காலணியுடன் சுவரோரமாக நேரே நிற்கச் செய்க. தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே இயன்றவரை உயர்த்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்க. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, முற்றும் தாழ்த்திய இருக்கையின் உயரம் இவ்வளவை மிஞ்சலாகாது. அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். நன்கு ஓட்டத் தெரிந்தவருக்கு முன்பாதம் ஊன்றினால் போதும். கால்பரப்பி நிற்கையில் குறுக்குச் சட்டம் உடலில் இடிக்கக் கூடாது. முழங்கை சற்று மடங்கியிருக்கும்படி கைப்பிடி எட்ட வேண்டும். விரல்கள் பிரேக்கை முழுவதும் அழுத்த வேண்டும்.

“பிள்ளை வளர்ந்தால் என் செய்வது?” என்பீர்கள். இருக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். அதன் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோடு மட்டும் வெளியே தெரியலாகாது. இன்று தாழ்ந்த நிலையில் பொருந்தும் வண்டி நாளையும் உதவும். இன்றே எட்டாத வண்டியோ இன்று உதவாது.

மாணவச் செல்வங்களே! 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிய இருசக்கர வண்டிக்கு மிதிகட்டையே இல்லை. கால்களால் தரையை உந்தியே அவர் சென்றார். இன்றும் சிறுபிள்ளைகள் கற்க அதுவே நல்ல வழி. மிதிகட்டைகளைக் கழற்றி, இருக்கையைத் தாழ்த்தி, உந்தி உருளப் பழகினால் சமநிலை தானே வரும். பெரிய மாணவர்களுக்கும் ஒரு சொல். சிறிய வண்டியில் இருக்கையைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி ஓடுவது வீரமன்று. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்ற இளையோர் எட்டுப் பேர் கார் மோதி மாண்ட துயரத்தை மறவாதீர்.

பணத்திற்கு வழி என்ன? பாடநூலை ஒருவர் படித்து அடுத்தவருக்கு விட்டுச்செல்லும் இரவல் முறை நமக்குப் புதிதன்று. மிதிவண்டிக்கும் அதுவே ஆகட்டும். பிள்ளைகள் வளர்ந்து விட்டொழித்த வண்டிகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பெற்று, பழுது நீக்கி, அளவு பொருந்தும் பிள்ளைக்கு மாற்றித் தரலாம். டியூபு ஒட்டவும் பிரேக்கு முடுக்கவும் அறிந்த கைகள் தோட்டத்திலும் தாமானிலும் ஏராளம். செலவோ சொற்பம், பயனோ பெரிது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றனர் நம் முன்னோர். காலுக்குத் தகுந்த வண்டி என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, அன்புகூர்ந்து பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.