இரைச்சல் என்பவர்களுக்கு

"என்னப்பா இது, தகரக் கொட்டகை மேல கல்மழை பெய்யிற மாதிரி இருக்கு. இதுல பாட்டு எங்க?"

என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. மார்கழி முழுக்கச் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர். ராகத்தின் பெயரைப் பாடகர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். இசையே தெரியாத ஒருவர் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். காதுள்ள மனிதர் கேட்டதால்தான் அது இன்று வரை உறுத்துகிறது.

அது அவர் ஒருவரின் எண்ணம் மட்டும் இல்லை. ஹெவி மெட்டல் என்று வாயெடுத்தாலே நம்மவர்கள் ஒப்பிப்பது இதுதான்: ஓயாத சத்தம், கண்மண் தெரியாத வேகம், சாத்தான் வழிபாடு, வித்தை தெரியாதவர்கள், தொண்டை கிழியக் கத்தல். மேற்கிலும் இந்தப் பேச்சு பழையது. பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் 1970-இல் வந்தபோது, ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் என்ற பெயர்பெற்ற விமர்சகர் அதை ஒதுக்கித் தள்ளி எழுதினார். ஹெவி மெட்டலின் தொடக்கம் எது என்று கேட்டால் இன்று பெரும்பாலானவர்கள் கைகாட்டுவது அந்த ஆல்பத்தைத்தான்.

ஆகவே பிளாக் சபாத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அவர்கள் பாட்டுகளில் எனக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பதிலாக வைக்கிறேன். பொதுவாகப் பேசினால் வாதம் காற்றோடு போய்விடும். இன்ன பாட்டில் இன்ன இடம் என்று சொன்னால் நீங்களே போட்டுக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஓயாத சத்தம். 'வார் பிக்ஸ்' பாட்டைப் போடுங்கள். 1970 செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. கிதாரும் பேஸும் டிரம்ஸும் கனத்த நடையில் மெல்ல நகர்கின்றன. அவற்றின் மேல் விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கை தரும் சங்கு ஊதுகிறது. குழுவின் நால்வரும் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிறந்து, பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். குண்டு விழுந்த இடிபாடுகள் இன்னும் அகற்றப்படாத தெருக்களில் விளையாடி வளர்ந்தவர்கள். அந்தச் சங்கு அவர்கள் ஊரின் நினைவு.

பிறகு சட்டென்று எல்லாம் நின்றுபோகிறது. மிஞ்சுவது டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டின் ஹை-ஹாட் மட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு தட்டுகளைக் காலால் அழுத்தி மூடிக்கொண்டு குச்சியால் தட்டுவது. ட்சிக், ட்சிக், ட்சிக். கிதார் இரண்டே வெட்டு வெட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. மறுபடி ட்சிக், ட்சிக். அந்த வெறுமைக்குள் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் தனிக்குரலாக வந்து ஒரு வரி பாடுகிறார். கிதார் மறுபடி இரண்டு வெட்டு. அடுத்த வரி.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்த இடத்தைக் கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது நமக்கே தெரியும். பெரிய ஒலிப்பெட்டிகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாசிக்காமல் நிற்கிறார்கள். பக்கவாத்தியக்காரர் எங்கே கையை எடுக்கிறார் என்று பார்த்தால் அவருடைய ஞானம் தெரிந்துவிடும் என்று பெரியப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த அளவுகோலைத்தான் இங்கே வைக்கச் சொல்கிறேன். அந்த இடைவெளிக்குக் காரணமும் உண்டு. பேஸ் வாசிக்கும் கீஸர் பட்லர் எழுதிய பாட்டு அது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். தாங்கள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறது. சொல் காதில் விழ வேண்டும் என்பதற்காக இசை வழிவிட்டு நிற்கிறது. சொல்லுக்கு இத்தனை மரியாதை தரும் பாட்டை இரைச்சல் என்று எப்படி ஒதுக்குவது?

இரண்டாவது, வேகம். பிற்பாடு கிளைத்த சில வகைகளில் வேகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊற்றுக்கண்ணில் இருப்பது விளம்ப காலம். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கும் 'பிளாக் சபாத்' என்றுதான் பெயர். மழை பெய்கிறது. தொலைவில் இடி. மாதாகோவில் மணி அடிக்கிறது. அதற்குப் பிறகு கிதாரில் மூன்று ஸ்வரம். அடுத்த ஸ்வரம் எப்போது வரும் என்று நாம் காத்திருக்கும் அளவுக்கு மெதுவாக வரும் மூன்று ஸ்வரம். ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் போகும் பாட்டில் பெரும்பகுதி இந்த நடைதான். கடைசிப் பகுதியில் திடீரென்று காலம் மாறி ஓட்டமெடுக்கும்போது உடல் சிலிர்ப்பது, அதுவரை அவர்கள் அடக்கி வைத்திருந்ததால்தான்.

அந்த மூன்று ஸ்வரத்தை வைத்தே மூன்றாவது பேச்சுக்கு வருகிறேன், சாத்தான் விவகாரத்துக்கு. இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

டோனி அயோமி கிதாரில் முதலில் ஒரு ஸ்வரம் வாசிக்கிறார். அடுத்து அதன் மேல் ஸ்தாயி. மூன்றாவதாக இரண்டுக்கும் சரிபாதியில் இருக்கும் ஒரு ஸ்வரம். அதை நிலையாக நிறுத்தாமல் விரலால் துடிக்க விடுகிறார். முதல் ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மூன்றாவது நம் பிரதி மத்தியமம். பழைய ஐரோப்பிய இசை ஆசிரியர்கள் இந்த இடைவெளிக்கு 'இசையில் சாத்தான்' என்று பெயர் வைத்தார்கள். இணக்கமில்லாத ஒலி, எழுதுவதில் தவிர்க்க வேண்டியது என்பது அவர்கள் பாடம். ஹெவி மெட்டல் சாத்தானின் இசை என்ற கதைக்கு இந்தப் பெயர் நன்றாகத் தீனி போட்டது.

பெரியப்பாவிடம் இந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே தொடையில் வைத்த விரலை நிறுத்தி, "பிரதி மத்தியமம்தானே? இதுல என்ன பயம்?" என்றார். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் பின்பாதி முப்பத்தாறும் பிரதி மத்தியமம் கொண்டவை. கல்யாணியில் அந்த ஸ்வரம் இருக்கிறது. பந்துவராளியில் இருக்கிறது. தாலாட்டிலும் தெய்வப் பாடலிலும் நாம் காலங்காலமாகப் பாடிவரும் ஸ்வரத்தில் சாத்தான் எப்படிக் குடியேறுவான்? அச்சத்தைத் தருவது ஸ்வரம் அல்ல, அதை வைத்த இடமும் காலமும். மற்ற ஸ்வரங்களின் துணை இல்லாமல், இருட்டில் தனியாக நிற்பது போல அதை நிறுத்தியது அயோமியின் கற்பனை. கீஸர் பட்லர் குஸ்தவ் ஹோல்ஸ்டின் 'கோள்கள்' தொகுப்பிலிருந்து செவ்வாய்க்கான பகுதியைப் பேஸில் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் இந்த மூன்று ஸ்வர மெட்டு முளைத்தது. ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் கற்று ரிக் வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர், சாவித்திரி கதையை ஆபெராவாக எழுதியவர் என்பதையும் இங்கே சொல்லிவிடத் தோன்றுகிறது.

சரி, பாட்டின் பொருளாவது சாத்தானைப் போற்றுகிறதா? கறுத்த உருவம் ஒன்று எதிரே நிற்கக் கண்டவன் நடுநடுங்கி, கடவுளே காப்பாற்று என்று கதறுகிற பாட்டு அது. பேய்க்கதை சொல்பவன் பேயைக் கும்பிடுகிறான் என்று யாரும் சொல்வதில்லை. குழுவின் பெயரே 1963-இல் வந்த ஒரு திகில் படத்தின் பெயர். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் 'ஆஃப்டர் ஃபார்எவர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. கடவுளை நம்புவதாக நண்பர்கள் முன்னால் சொல்லக் கூசுகிறவனைக் கடிந்து கேட்கும் பாட்டு. எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளை ஓஸியின் அப்பா செய்து கொடுத்தார். இதற்கு மேல் இந்தக் குற்றச்சாட்டோடு மல்லுக்கட்ட ஒன்றுமில்லை.

நான்காவது பேச்சுதான் என்னை மிகவும் வருத்துவது. வித்தை தெரியாதவர்கள், நாலு கம்பியைப் பலமாக இழுத்துவிட்டால் போதும் என்கிறார்கள்.

டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் கடைசி நாள். இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விட்டிருந்தார். அன்று இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் துண்டாகிப் போயின. அவர் இடதுகைக்காரர். கம்பியை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் மேதையின் தட்டு. தீவிபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் அப்படி வாசித்தவர் அவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தார். கம்பியில் வழுக்காமலிருக்கப் பழைய தோல் சட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினார். கனமான கம்பியை அழுத்த வலித்தது. மெல்லிய கம்பிகளைக் கட்டிக்கொண்டார். பிறகு 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று அரை ஸ்வரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு இதமானது. கூடவே ஒலியில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு கனம் வந்து சேர்ந்தது.

அந்த ஆல்பத்தின் 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' பாட்டில் கிதாரும் பேஸும் சேர்ந்து குதிரைப் பாய்ச்சலில் கிளம்பும் இடத்தைக் கேளுங்கள். தரையிலிருந்து எழுந்து வருகிற ஒலி. உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் இன்று சுருதி இறக்கி வாசிப்பதற்கு மூலம், ஒரு தொழிலாளிப் பையனின் காயம்பட்ட இரண்டு விரல். பில் வார்டின் கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜீன் க்ரூபா போன்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். கட்டை போல நேராக அடிக்காமல், அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு ஊஞ்சலாட்டம் வைத்திருப்பார். முதல் ஆல்பம் முழுவதையும் 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்து முடித்தார்கள். வித்தை இல்லாதவர்களால் அது ஆகிற காரியமா?

ஐந்தாவது, கத்தல். இதற்கு நீளப் பேச வேண்டியதில்லை. 'வார் பிக்ஸ்' இருக்கும் அதே ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு 'பிளானட் கேரவன்'. கைகளால் மெல்லத் தட்டும் காங்கா முரசு, ஒரு புல்லாங்குழல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஓஸியின் குரல். ஆர்கனுக்குப் பயன்படுத்தும் சுழலும் ஸ்பீக்கர் வழியாகக் குரலை அனுப்பி அப்படி வரவழைத்தார்கள். முடிவில் அயோமியின் தனி கிதார் வாசிப்பு ஜாஸ் கச்சேரியில் வாசிக்கலாம் போல அவ்வளவு மிருதுவானது. 1972-இல் வந்த 'சேஞ்சஸ்' பாட்டில் டிரம்ஸும் இல்லை, மின்கிதாரும் இல்லை. அயோமி பியானோ வாசிக்க, திருமணம் முறிந்த துயரத்தை ஓஸி பாடுகிறார். பில் வார்டின் வாழ்க்கையில் அப்போது நடந்துகொண்டிருந்த துயரம் அது. 'அயர்ன் மேன்' பாட்டில் கிதார் வாசிக்கும் மெட்டையே குரலும் பாடுகிறது என்று குறையாகச் சொல்வார்கள். பாடகரின் ஒவ்வொரு அசைவையும் வயலின் நிழல் போலத் தொடரும் கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்கு, குரலும் வாத்தியமும் ஒரே மெட்டில் இணைவது எப்படிக் குறையாகும்?

பெரியப்பா சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மேடைக் கச்சேரிகளில் ஒலியளவு காதுக்குத் தாங்காத அளவுக்குப் போவது உண்மை. முன்வரிசையில் நிற்கிறவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்வது நல்லது. அது ஒலிபெருக்கியின் மேல் உள்ள புகார். பாட்டின் மேல் அல்ல. அவருக்கு இன்றும் இந்த இசை பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. 'பிளானட் கேரவன்' முடிந்ததும், "இதை இன்னொரு தடவை போடு" என்று மட்டும் சொன்னார்.

நீங்களும் தீர்ப்பை எழுதுமுன் 'வார் பிக்ஸ்' பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். ஒலியைக் குறைத்து வைத்தே கேளுங்கள். சங்கு ஓய்ந்து, தட்டு மட்டும் ஒலிக்கும் அந்த இடம் வரும்வரை பொறுத்திருங்கள்.

2025 ஜூலை 5 அன்று, தாங்கள் வளர்ந்த ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நால்வரும் கடைசியாக மேடையேறினார்கள். இந்த நால்வரும் சேர்ந்து வாசித்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழு நாள் கழித்துக் காலமானார். அந்த மாலை நால்வரும் சேர்ந்து வாசித்தவை நான்கு பாட்டுகள். முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'.