டொக்டர் எழுதினார், தாதி ஏற்றினார்

"தாதி கட்டளைப்படிதான் நடக்கிறார், உயிர் போனால் சட்டம் டொக்டரைத்தான் கேட்க வேண்டும்" என்கிறார்கள். பரிவோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தாதித் தொழிலையே சிறுமைப்படுத்தும் பரிவு இது.

2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் செப்ட்ரியாக்சோன் ஊசி ஏற்றப்பட்ட 21 வயதுப் பெண் இறந்தார். மருந்தில் பிழையா, ஏற்றிய விதத்தில் பிழையா என்று நாடே பேசியது. அதற்குத் தீர்ப்பெழுத நான் வரவில்லை. அந்த மருந்து ஏறும் விதத்தை மட்டும் பாருங்கள். தூளை உரிய அளவு நீரில் கரைக்க வேண்டும். நாளத்தில் சில நிமிடங்கள் எடுத்து மெல்ல ஏற்ற வேண்டும். அதற்கு முன்பே ஒவ்வாமை பற்றிக் கேட்டிருக்க வேண்டும். சிங்களம் புரியாத ஹந்தானைத் தோட்டத்து அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டுவிட்டு, அவர் தலையாட்டியதை 'ஒவ்வாமை இல்லை' என்று எழுதினால் அது கேட்டதாகாது. இதில் எதை டொக்டர் கூட நின்று செய்கிறார்? தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தவரைத்தான் தேடுகிறது. அவர் பதவியை அல்ல.

மேலே உள்ளவர்களும் தப்பக்கூடாதுதான். தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கிய விவகாரத்தில், அப்போது கண்டி மாவட்ட எம்.பி.யாக இருந்த முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். ஆள் பற்றாத வார்ட்டுக்கு நிர்வாகம் பதில் சொல்லட்டும். அதற்காக சிரிஞ்சு பிடித்தவர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. சந்தேகம் வந்தால் ஏற்ற மறுத்து, காரணத்தை எழுதி வையுங்கள், சிஸ்டர். எழுத விடாத மேட்ரனைக் கேள்வி கேளுங்கள்.