செவிலியரின் மேற்படிப்பு: கடன் யாருடையது?

2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் போரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர் மீட்கப்பட்டுக் கொச்சியில் வந்து இறங்கினார்கள். நாடே மகிழ்ந்தது. ஆனால் அவர்களில் பலர் குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்பதை நாம் விரைவில் மறந்துவிட்டோம். படிப்புக்கு வாங்கிய கடன்தான் அந்தத் தயக்கத்துக்குக் காரணம்.

அவர்களில் பெரும்பாலோர் கேரளத்தவர். என்றாலும் இது நமக்கு அந்நியமான கதை அல்ல. ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை, செவிலியர் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பாத பங்கு நம் குமரி மாவட்டத்தில் இருக்குமா? நகை அடகுக்குப் போகிறது, நிலம் ஒற்றிக்குப் போகிறது, மீதிக்கு வங்கி. 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குப் பிணைச் சொத்து கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதை மேலாளரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு நம் பெற்றோரில் எத்தனை பேருக்கு உண்டு?

பி.எஸ்சி. முடித்தவள் எம்.எஸ்சி. படிக்க விரும்பினால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்காக 2009-இல் மத்திய அரசு தொடங்கிய வட்டி மானியம் ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே. இளநிலைக்கு வாங்கிவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். 4 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 5,300 ரூபாய் வேண்டும்.

சம்பளம்? 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தரவேண்டும் என்றது. கேரளம் போராட்டங்களுக்குப் பின் 2018-இல் அதை அரசாணையாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நம் மாநில அரசே, 2015-இல் தேர்வு வாரியம் வழியாக எடுத்த செவிலியருக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கொடுத்தது! தனியாரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எம்.எஸ்சி. முடித்தவருக்குப் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர் பணிதான் வழி. நோயாளியின் படுக்கையருகே நிற்க விரும்பினால், பி.எஸ்சி. படித்தவருக்குரிய அதே வேலை, ஏறக்குறைய அதே சம்பளம். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்த செவிலியர் நோயை ஆராய்ந்து மருந்து எழுதுகிறார். இங்கும் இந்திய நர்சிங் கவுன்சில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற ஈராண்டு முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் இத்தகைய செவிலியரை வரவேற்றது. மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே கற்கும் படிப்பு அது. நல்ல திட்டம்தான். ஆனால் படித்து வருபவரை அமர்த்த ஒரு பதவியும் அதற்கொரு சம்பள விகிதமும் மருத்துவமனைகளில் இல்லையென்றால், அந்தப் பட்டம் வெளிநாட்டு விசாவுக்குத்தான் உதவும். போகிறவர்மேல் நமக்கு வருத்தமில்லை. கடன் அவரைத் துரத்துகிறது.

ஆகவே செலவை அந்தப் பெண்ணும் அவள் தகப்பனும் மட்டும் சுமப்பது நியாயமா என்று கேட்கிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகள் மாணவரைப் பரிந்துரைத்து அனுப்புவதும், படித்தவர் திரும்பிவந்து குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றுவதும் பல்லாண்டு வழக்கம். 1838 முதல் நெய்யூரில் மிஷன் மருத்துவம் நடந்துவரும் மாவட்டம் இது. நம் கத்தோலிக்க மருத்துவமனைகளும் இதைச் செய்யலாம்: மூன்றாண்டு நன்றாகப் பணிசெய்த ஒரு செவிலியைத் தெரிந்தெடுத்து, சம்பளத்தோடு படிக்க அனுப்பி, அவர் திரும்பும்போது உயர்ந்த பதவியும் அதற்கேற்ற ஊதியமும் எழுத்தில் உறுதி செய்வது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பது உறுதிமொழி அல்ல, அது பிணை. அந்தப் பழக்கம் வேண்டாம்.

பணம் எங்கே என்று நிர்வாகிகள் கேட்பார்கள். புதிய கட்டடத்துக்கு நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு, ஆண்டுக்கு ஒரு செவிலியின் படிப்புக்குத் திரட்டத் தெரியாதா?