மருந்துக் குப்பி அடுப்படிக்கு ஏன்?

கொங்குநாட்டு வீடுகளில் எந்தப் பொருளும் ஒரு பயனோடு தீர்ந்துவிடுவதில்லை. கோணிச் சாக்கு மழைக்காலத்தில் கொங்காடையாகித் தலையைக் காக்கிறது. நைந்த நூற்சேலை குழந்தைக்குத் தூளியாகிறது. தூளியும் கிழிந்தபின் கரித்துணியாகிறது. முன்னாளில் மண்ணெண்ணெய் டின்னின் வாயை வெட்டிக் குறுக்கே ஒரு கட்டையை அறைந்து தண்ணீர் சுமந்தார்கள். நெசவாளர் வீட்டில் பழைய சைக்கிள் சக்கரம் தார் சுற்றும் ராட்டையாகச் சுழல்வதைக் காணாதவர் நம்மில் எவர்? இதனைக் கருமித்தனம் என்று நகைப்போரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கைப்பொருளை வீணாக்காத வீடுகளே சங்கத்திற்கும் பலம்.

எனினும், இச்சிக்கனம் சென்று சேரக்கூடாத இடம் ஒன்று உண்டு. தக்காளிக்கும் பருத்திக்கும் மருந்தடித்த பின் காலியாகும் குப்பிகள் கிணற்றடியிலும் அடுப்படியிலும் தென்படுகின்றன. கெட்டியான குப்பி, இறுக மூடும் மூடி, விலையோ இல்லை. நல்லெண்ணெய் வாங்கவும், காட்டுக்குக் குடிநீர் கொண்டுபோகவும் இதைவிட வாகான கலம் ஏது என்று தோன்றுவது இயல்பே. வீட்டுப் பெண்களை இதற்காகக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். 2013 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள், பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கண்டாமன் சிற்றூரில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் வெளிப்பட்டது. பூச்சிமருந்து இருந்த கலத்தில் அவ்வெண்ணெயை வைத்திருந்தனர் என்பதே அப்பொழுது எழுந்த ஐயம். பருத்தி விவசாயிகள் நெடுங்காலம் கையாண்ட மருந்துதான் அது. நமக்கு அந்நியமான பெயர் அன்று.

"சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டோமே" என்பார்கள். பிளாஸ்டிக் கலத்தின் சுவரில் மருந்து ஊறிவிடுகிறது. பல மருந்துகள் நீரில் எளிதிற் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. ஆகவே வாசனை போய்விட்டது என்று நம்பி எண்ணெயை ஊற்றினால், தண்ணீர் எடுக்காத நஞ்சை எண்ணெய் எடுத்துக்கொள்ளும். சீட்டில் பச்சை நிறம் கண்டால் பயமில்லை என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கும் நஞ்சின் கடுமையைக் காட்டும் வரிசையே, பச்சையும் நஞ்சுதான்.

மூன்று முறை கழுவுவது வேறொரு காரியத்திற்கு மிக நல்லது. தெளிப்பானில் மருந்தை ஊற்றியவுடன் குப்பியை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே விடவேண்டும். காசு கொடுத்து வாங்கிய மருந்து அடியில் தங்கி வீணாகாது; இதுவும் சிக்கனமே. பிறகு குப்பியின் அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். காலிக் கலங்கள் மீண்டும் பயன்படாதவாறு உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளே கூறுகின்றன. விதி புத்தகத்தில் இருக்கிறது. குப்பி அடுப்படியில் இருக்கிறது!

நெசவாள அங்கத்தினர்களும் இது விவசாயிகள் விஷயம் என்று ஒதுக்கிவிடலாகாது. சாயப்பட்டறையிலிருந்து வரும் பழைய பீப்பாய்கள் குடிநீர்த் தொட்டிகளாக மாறுகின்றன. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் இருந்த கலத்தில் குடிநீர் வைப்பது எவ்வகையிலும் தகாது.

வெறும் புத்திமதியால் பயன் விளையும் என்ற நம்பிக்கை நமக்கில்லை. சோடாக் கடையில் காலிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நமக்குப் பழையது. சங்கம் மருந்து விற்கும்போதும் குப்பி ஒன்றுக்குச் சிறு தொகையை முன்பணமாகப் பெற்று, ஓட்டையிட்ட காலிக் குப்பி வந்தவுடன் திருப்பித் தரலாம். சேர்ந்தவற்றை விதிப்படி அகற்றும் பொறுப்பு சங்கத்தினுடையதாகட்டும். அடுத்த மகாசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். அன்றைய கூட்டத்திற்கு வீட்டுப் பெண்மணிகளையும் அழைக்கவேண்டும். குப்பியைக் கழுவி எடுத்து வைப்பவர்கள் அவர்கள்தாமே.