வசூல் விமர்சனம் அன்று

ஒரு படத்தை மக்கள் ஏற்றனர் என்பதற்கு முதல் வார வசூலைச் சான்று காட்டும் வழக்கம் ஆய்வரங்குகளிலும் நுழைந்துவிட்டது. 'தும்பாட்' என்ற இந்தித் திகில் படம் அச்சான்றைப் பொய்யாக்குகிறது. 2018இல் சுமாராகவே ஓடிய அப்படம், 2024 செப்டம்பரில் மறுவெளியீடு கண்டபோது முதல் வெளியீட்டைவிட அதிகம் ஈட்டியது. படம் அதேதான், இடையில் வளர்ந்தது பார்த்தவர்களின் பேச்சு.

மறுவெளியீட்டில் வந்ததும் வசூல்தானே என்பீர்கள். ஆம், ஆனால் அது ஆறாண்டு மதிப்பீட்டின் விளைவு. முதல் வார வசூலோ பெரும்பாலும் விளம்பரத்தையும் திரைகளின் எண்ணிக்கையையுமே அளக்கிறது.

பேராசையின் கொடூரத்தைச் சொன்ன படத்தையே காசால் எடைபோட்டோம். ரசிகர் ஆரவாரிக்கட்டும், அது அவர் உரிமை. ஆய்வாளர் அவ்வாரவாரத்தை அடிக்குறிப்பாக்குவது ஆய்வன்று. விளம்பரத்துக்குச் செய்யும் ஊதியமில்லா ஊழியம்.