பேரை மாத்தினா போதுமா?

பேராவூரணி பஸ் ஸ்டாண்டில் சில்லறை தராத கண்டக்டரை ‘இடியட்’ என்று திட்டுகிறீர்களே, அது ஒரு காலத்தில் டாக்டர்கள் எழுதிய சொல், தெரியுமா? ஐ.க்யூ. 25-க்குக் கீழே ‘இடியட்’, 50 வரை ‘இம்பெசில்’, 70 வரை ‘மோரோன்’. கடைசிச் சொல்லை 1910-ல் உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடார்ட். நம்மூர் 1912 லூனசி சட்டத்திலும் ‘இடியட்’ உண்டு.

மூன்றும் வசவாகிப் போக, ‘மென்ட்டல் ரிட்டார்டேஷன்’ வந்தது. அதுவும் வசவாச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ‘அறிவுசார் குறைபாடு’ என்கிறது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் முழுப் பெயரிலோ பழைய சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டெல்லியை விடுங்க. உங்கள் தெருவில்? ‘மந்தம்’, ‘லூசு’, ‘மென்ட்டல்’! நாக்கு மாறாமல் சட்டம் மாறி என்ன சார் பிரயோஜனம்? அந்தப் பிள்ளைக்குப் பெத்தவங்க வெச்ச பேர் ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.