உங்கள் பிள்ளைக்கு எதற்கு அந்தப் பட்டம்?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சில வருடங்களாகப் பார்க்கிறேன். முகநூலில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுகிறீர்கள். காதுகுத்து பேனரில் கைக்குழந்தைக்கும் பட்டம். கேட்டால், "சார், எல்லா ஃபார்மிலும் சர்நேம் கேக்கிறான், வேற எதைப் போடறது?" என்கிறீர்கள்.

இது சாக்கு. காது குத்துவதற்கு எந்த அலுவலகமும் படிவம் கேட்பதில்லை.

நம் பகுதியின் பழைய நிலப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நாயுடு, ரெட்டியார், முதலியார், நாயக்கர் என்று வரிக்கு வரி பட்டம் இருக்கும். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே வருகைப் பதிவேட்டில் அவை அநேகமாக இல்லை. எஸ். முருகன், கே. லட்சுமி, அவ்வளவுதான். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலெழுத்து 'இண்ட்டி பேரு'வாக இருக்கும். அதுவும் ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடும்.

இரண்டு தலைமுறைக்குள் இவ்வளவு பரவலாக இருந்த பெயர்கள் எப்படிக் குறைந்தன?

உலகத்தில் குடும்பப் பெயர்கள் தானாகவும் அழியும். 1874-இல் கால்டன், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இதற்குக் கணக்கே போட்டார்கள். ஆண் வாரிசு வழியாக மட்டும் போகும் பெயர், ஒரு தலைமுறையில் மகள்கள் மட்டும் பிறந்தால் அந்த வீட்டோடு நின்றுவிடும். இப்படிச் சிறிய பெயர்கள் அழிய அழிய, பெரிய பெயர்கள் பெருகும். கொரியாவில் ஐந்தில் ஒருவர் 'கிம்'.

நம் ஊரில் நடந்தது அது அல்ல. இங்கே மனிதர்கள் முடிவெடுத்துக் கைவிட்டார்கள். 1927 இறுதியில் பெரியார் தம் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. நம் கவரைப்பேட்டையும் அன்று அதே செங்கல்பட்டு மாவட்டம்தான். பிறகு கட்சி பேதமில்லாமல், கடவுள் நம்பிக்கை உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமும் இல்லாமல், உங்கள் தாத்தாக்கள் அதைப் பின்பற்றினார்கள். யாரும் சட்டம் போட்டு மிரட்டவில்லை.

"பட்டம் போனதால் சாதி போச்சா சார்?" என்று கேட்பீர்கள். போகவில்லை. ஆனால் வகுப்பறையில் என்ன மாறியது என்று எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளில் இருபது பேருக்குப் பட்டம் இருந்தால், பட்டம் இல்லாத பிள்ளை யார் என்று ஆசிரியருக்கும் தெரியும், பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் தெரியும். யாருக்குமே இல்லாதபோதுதான் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து "உள்ளேன் ஐயா" என்றது. நீங்கள் ஆளாளுக்கு ஒன்றாகத் திரும்ப ஒட்டும்போது, வெளிச்சம் விழுவது உங்கள் மேல் மட்டுமல்ல, ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லாத அந்தப் பிள்ளை மேலும்தான்.

"சாதிச் சான்றிதழ் மட்டும் வாங்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. அது உரிமையைக் கேட்கும் காகிதம். தேவைப்படும் அலுவலகத்தில் காட்டிவிட்டு பீரோவில் வைப்பது. பேனரில் அச்சடிப்பது அல்ல.

"பாரம்பரியம்" என்றும் சொல்கிறீர்கள். லட்சக்கணக்கான பேருக்குப் பொதுவான பட்டம் உங்கள் தாத்தாவைப் பற்றி என்ன சொல்லும்? அவர் பெயரைச் சொல்லுமா, ஏர் ஓட்டியதைச் சொல்லுமா? மகள் மட்டும் பிறந்தால் அறுந்துபோவதைப் பாரம்பரியம் என்பது உங்கள் மகளுக்கே அவமானம்.

சரி, படிவத்துக்கு வருவோம். அந்தச் சிக்கல் உண்மையானது, மறுக்கவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க முடியாது என்றது. பலர் தவித்தார்கள். அடுத்து வந்த விளக்கம் என்ன தெரியுமா? பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தாலே போதும் என்பதுதான். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்குத் தந்தை பெயர் அல்லது தாய் பெயர்தான் பின்னால் வரும். தொலைபேசிப் புத்தகத்தைக்கூட முதல் பெயரை வைத்துத்தான் அடுக்கினார்கள். அவர்கள் உலகம் சுற்றவில்லையா?

ஆகவே செய்ய வேண்டியது எளிது. சர்நேம் கட்டத்தில் முதலெழுத்தின் விரிவை எழுதுங்கள். அப்பா பெயர் போடுங்கள், அம்மா பெயரும் போடலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் இருக்கட்டும். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க 15 வருடம் வரை வழியுண்டு. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள்.

சிப்காட்டில் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளும் இன்று நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுடைய பெயருக்குப் பின்னால் வருவதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டாம். நம்மிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

முகநூலில் பட்டம் போட்டிருக்கும் என் மாணவர்கள் இன்று இரவே எடுத்துவிடுங்கள். அமைப்புகளுக்குள் போய்ப் பெயரை மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்